புல் அழிந்த பின் கடற்பசுக்கள்: ஹெர்வி விரிகுடா, 1992 – ஒரு நிகழ்வு ஆய்வு

1992-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கரையில் உள்ள ஹெர்வி விரிகுடாவில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்புல் அழிந்துபோனது. அதை மேய்ந்து வாழ்ந்த கடற்பசுக்களுக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்பதை ஆய்வாளர்கள் வானிலிருந்தும் கரையிலிருந்தும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார்கள். அழிவுக்கு முன்பும் பின்பும் ஒரே முறையில் எண்ணப்பட்ட கடற்பசுக் கூட்டம் உலகில் அதிகம் இல்லை. பாக் விரிகுடாவில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைப்பதும் இதே இனம்தான். அதனாலேயே இந்த நிகழ்வைத் தமிழில் முழுதாக எழுதிவைக்க விரும்பினேன்.

இடமும் விலங்கும்

ஹெர்வி விரிகுடா பிரிஸ்பேன் நகருக்கு வடக்கே இருக்கிறது. ஃபிரேசர் தீவு என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட கரி தீவு அதன் கிழக்கே கோட்டைச் சுவர்போல் நீண்டு கிடக்கிறது. அந்தத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள குறுகிய, சேறு படிந்த நீர்ப்பரப்புக்கு கிரேட் சாண்டி நீரிணை என்று பெயர். மேரி ஆறு அந்த நீரிணையின் வடமுனையில் கடலில் கலக்கிறது. மேய்ச்சல் நிலங்களையும் வேளாண் நிலங்களையும் கடந்து வரும் ஆறு அது. மழை கொட்டினால் அந்நிலங்களின் மண்ணையும் சுமந்துகொண்டு வரும்.

கடற்புல்லைப் பாசியோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் அது பாசி அன்று. வேரும் மண்ணுக்குள் ஓடும் தண்டும் பூவும் விதையும் கொண்ட தாவரம். ஒளி இல்லாமல் அதனால் வாழ முடியாது. கடற்பசு மேய்வதெல்லாம் அநேகமாக அந்தப் புல்லைத்தான். அதிலும் ஹாலோஃபிலா, ஹாலோடூலே போன்ற மென்மையான, நார் குறைந்த வகைகளை நாடிப் போகும். வளர்ந்த விலங்கு ஒரு நாளைக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் தின்னும். கீழ்நோக்கி வளைந்த மூஞ்சியால் வேரோடு பறித்துத் தின்றுகொண்டே நகர்வதால், அது போன வழியில் ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்கு மொட்டையான தடம் விழும். புல்வெளியில் உழவுச்சால் போல வளைந்து வளைந்து போகும் அந்தத் தடம்தான், விலங்கைக் காணாமலேயே அதன் இருப்பை அறிய ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் முதல் சான்று.

இதன் உறவான மானட்டிகள் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஆறுகளிலும் வாழ்பவை. நீரில் மிதக்கும் செடி, கரையோரச் செடி என்று எதையும் தின்னும். கடற்பசுவுக்கு அந்த வசதி இல்லை. கடலை விட்டு ஆற்றுக்குள் பிழைக்கப் போகவும் அதனால் ஆகாது.

இனப்பெருக்கமோ மிக மெதுவானது. 70 ஆண்டுகள்கூட வாழக்கூடிய இந்த விலங்கு முதல் கன்றை ஈன ஆறு ஆண்டும் ஆகலாம், பதினேழு ஆண்டும் ஆகலாம். சினைக்காலம் 13 முதல் 15 மாதம். ஓர் ஈற்றுக்கு ஒரு கன்று. அடுத்த கன்றுக்கு இரண்டரை முதல் ஏழு ஆண்டு இடைவெளி. எல்லாம் கூடி வந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்கு மேல் பெருகாது. இந்த 5 என்ற எண்ணைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள அதுதான் திறவுகோல்.

வெள்ளத்துக்கு முந்தைய கணக்கு: 1988

1988-இல் இந்தப் பகுதி வானிலிருந்து எண்ணப்பட்டது. சிறிய இரட்டை எஞ்சின் விமானம், கடலுக்கு மேல் 137 மீட்டர் உயரம், மணிக்கு 185 கிலோமீட்டர் வேகம். விமானத்தின் இரு பக்கமும் 200 மீட்டர் அகலமுள்ள பட்டைகளை மட்டும் பார்க்க வேண்டும். பட்டையின் எல்லையைக் காட்ட இறக்கைக்குக் கீழே கம்பிகள் பொருத்தப்பட்டிருக்கும். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஐம்பது மீட்டர் கடல் கண்ணைக் கடந்து ஓடிவிடும். மூச்சு வாங்க மேலே வரும் கடற்பசு மூக்கின் நுனியை மட்டும் நீட்டிவிட்டு அமிழ்ந்துவிடும். பழுப்பு நிற நீரில் பழுப்பு நிற முதுகு. பார்ப்பவருக்குக் கிடைப்பது சில நொடிகள். அதற்குள் எத்தனை, கன்று உண்டா, நீருக்கு மேலா உள்ளா என்று சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

ஒவ்வொரு பக்கமும் முன்னும் பின்னுமாக இருவர் அமர்ந்து, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாதபடி தனித்தனியே பதிவு செய்தார்கள். ஒருவர் கண்டு மற்றவர் தவறவிட்டவை எத்தனை என்று பார்த்தால், இருவருமே தவறவிட்டவை எத்தனை என்று மதிப்பிடலாம். நீருக்கு அடியில் இருந்ததால் எவர் கண்ணுக்கும் தெரியாதவற்றுக்கு இன்னொரு திருத்தம். தெளிந்த நீரில் எடுத்த வான்படங்களில் ஆறில் ஒரு பங்கு விலங்குகளே மேற்பரப்பில் இருந்தன என்ற முந்தைய கணக்கை அதற்குப் பயன்படுத்தினார்கள்.

இப்படிக் கிடைத்த மதிப்பீடு விரிகுடாவுக்கும் நீரிணைக்கும் சேர்த்து ஏறத்தாழ 2,200. அதில் பெரும்பகுதி, ஏறத்தாழ 1,750, விரிகுடாவின் தெற்குப் பகுதியில் இருந்தது. எண்ணப்பட்டவற்றில் 22 விழுக்காடு கன்றுகள். மேய்ச்சல் வளமாக இருந்த, ஈன்று பெருகிக்கொண்டிருந்த கூட்டம் என்று அந்த விகிதமே சொல்கிறது.

வெள்ளமும் புயலும்

1992 பிப்ரவரி, மார்ச்சில் மூன்று வாரத்துக்குள் இரண்டு பெருவெள்ளங்களும் ஃபிரான் என்ற புயலும் அந்தக் கரையைத் தாக்கின. ஆழம் குறைந்த இடங்களில் அலைகள் புல்லை வேரோடு பிடுங்கி எறிந்தன. பத்து மீட்டருக்கு மேல் ஆழமான இடங்களில் அழிவு வேறு விதமாக வந்தது. அங்கே அலையின் கை எட்டவில்லை. ஆனால் ஆறு கொண்டுவந்த கலங்கல் நீர் நகராமல் நின்றுவிட்டது. ஒளி கிடைக்காத புல், வேர் மண்ணில் இருக்கும்போதே, மெல்ல மெல்ல மடிந்தது.

இந்த இரண்டாவது விதம் கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. புயல் பிடுங்கிய புல் கரையில் குவியும், ஊரே பார்க்கும். ஒளியின்றி மடிந்த புல்லோ கடலடியிலேயே மட்கிப்போகும். இந்த அழிவு எவ்வளவு பெரியது என்று பின்னர் அளவிட முடிந்ததற்குக் காரணம், வெள்ளத்துக்கு முன்பே கடற்புல் எங்கெங்கே இருந்தது என்று முக்குளித்துப் பார்த்தவர்களின் பதிவுகள் இருந்ததுதான்.

கரை ஒதுங்கிய உடல்கள்

வெள்ளம் வந்த வாரங்களில் கடற்பசுக்கள் கூட்டமாகச் செத்து ஒதுங்கவில்லை. அவை ஒதுங்கத் தொடங்கியபோது வெள்ளச் செய்திகள் பழையனவாகிவிட்டன. மொத்தம் 99 உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. பெரும்பாலானவை இறந்தது வெள்ளத்துக்கு ஆறு முதல் எட்டு மாதம் கழித்து.

எனக்கு இந்த நிகழ்விலேயே மனத்தை மிகவும் வருத்தும் பகுதி இதுதான். கடற்பசுவின் உடலில் தோலுக்கடியில் கொழுப்பு உண்டு. செரிமானமும் மெதுவானது, தின்ற புல் உடலைக் கடந்து வெளியேறவே நாட்கணக்கில் ஆகும். அப்படிப்பட்ட விலங்கு பசியால் உடனே சாவதில்லை. உடலில் இருந்ததைக் கரைத்துக்கொண்டே, புல் இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. சில விலங்குகள் 900 கிலோமீட்டர் வரை பயணம் செய்த பிறகே இறந்தன. வழக்கமாகக் கடற்பசுவைப் பார்த்தறியாத நியூ சவுத் வேல்ஸ் கரையில் அவை மெலிந்து ஒதுங்கின.

உடல்களை ஆராய்ந்தவர்கள் பட்டினியே காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு கணம் யோசித்துப் பார்த்தால் அது எவ்வளவு எளிதில் தவறிப் போயிருக்கும் என்பது புரியும். ஆற்றுவாயிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, எட்டு மாதம் கழித்து, ஒற்றையாக ஒதுங்கும் உடலை மேரி ஆற்று வெள்ளத்தோடு யார் இணைத்துப் பார்ப்பார்கள்? வலை என்பார்கள், படகு மோதியது என்பார்கள், நோய் என்பார்கள்.

எங்கே பறப்பது என்ற முடிவு

1992 நவம்பரில் மறுபடி வானிலிருந்து எண்ணினார்கள். முந்தைய கணக்கோடு ஒப்பிட வேண்டும் என்பதால் முறையை மாற்றவில்லை. விரிகுடாவோடு நீரிணையையும் சேர்த்தே பறந்தார்கள். இந்த இரண்டாவது முடிவின் மதிப்பு முடிவுகளில் தெரிந்தது. 1,750 விலங்குகள் இருந்த தெற்கு விரிகுடாவில் நூறுகூட மிஞ்சவில்லை. அதே சமயம், முன்பு சில நூறு மட்டுமே இருந்த நீரிணையில் எண்ணிக்கை பல மடங்கு கூடியிருந்தது. விரிகுடாவை மட்டும் எண்ணியிருந்தால் கூட்டமே அழிந்துவிட்டது என்று எழுதியிருப்பார்கள். நீரிணையை மட்டும் எண்ணியிருந்தால் கடற்பசுக்கள் பெருகிவிட்டன என்று எழுதியிருப்பார்கள். இரண்டுமே தவறு. புல் மிஞ்சிய இடத்தில் பசித்தவை நெருக்கியடித்துக் கூடியிருந்தன.

ஓராண்டு கழித்து, 1993 நவம்பரில் மீண்டும் எண்ணியபோது, பகுதி முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 600. ஐந்தாண்டில் 2,200 என்பது 600 ஆகியிருந்தது.

அந்த 1,600-இல் எத்தனை செத்தன, எத்தனை வேறிடம் போயின? கிடைத்தவை 99 உடல்கள்தான். செத்தவை அனைத்தும் கரை ஒதுங்குவதில்லை. காணாமல்போனவை அனைத்தும் செத்தவையும் அல்ல. சாவும் இடப்பெயர்வும் இரண்டுமே நடந்தன என்று பதிவு செய்தார்கள். ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று கணக்கிட்டால் 600 மீண்டும் 2,200 ஆக ஏறக்குறைய 27 ஆண்டு ஆகும்.

கன்றுகள்

மொத்த எண்ணிக்கையைவிட அழுத்தமான செய்தி கன்றுகளின் கணக்கில் இருந்தது. 1988-இல் 22 விழுக்காடாக இருந்த கன்றுகளின் பங்கு 1993-இல் 2.2 ஆனது, 1994-இல் 1.5. பிழைத்த பசுக்களும் ஈனவில்லை, அல்லது ஈன்றதைக் காப்பாற்ற முடியவில்லை. ஒன்றரை ஆண்டு வரை பால் கொடுக்க வேண்டிய தாய்க்குத் தன் உடலைத் தேற்றிக்கொள்ளவே புல் போதவில்லை.

கன்றுகளின் பங்குக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. விலங்குகள் வந்தாலும் போனாலும் மொத்த எண்ணிக்கை மாறும். அதனால் அது எதைச் சொல்கிறது என்பதில் எப்போதும் ஐயம் இருக்கும். நூறு விலங்குகளில் கன்றுகள் எத்தனை என்ற விகிதம் அந்தக் கூட்டம் எப்படி வாழ்கிறது என்பதை நேராகச் சொல்லிவிடும்.

அரசு எடுத்த முடிவு

குயின்ஸ்லாந்துக் கரையின் வேறு பகுதிகளிலிருந்தும் கெட்ட செய்தி வந்திருந்தது. பெரும் தடுப்புப் பவளத்திட்டின் தென்பகுதியில் 1980-களின் நடுவில் ஏறத்தாழ 3,500 என்று மதிப்பிடப்பட்ட கடற்பசுக்கள் 1992-இல் 1,900-க்கும் கீழே போயிருந்தன. இவற்றின் விளைவாக 1997-இல் 16 கடற்பசுப் பாதுகாப்புப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. ஹெர்வி விரிகுடாவும் கிரேட் சாண்டி நீரிணையும் அவற்றில் ஒன்று. செவுள்வலை போடுவதற்குத் தடையும் கட்டுப்பாடும் வந்தன. பாதிக்கப்பட்ட மீனவர்களுக்கு இழப்பீடும் தரப்பட்டது.

பட்டினியால் செத்த விலங்குக்கு வலையை ஏன் நிறுத்த வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. பதில் அந்த 5 விழுக்காட்டில் இருக்கிறது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் கூட்டத்தில் வளர்ந்த பெண் விலங்குகள் சிலவற்றைக் கூடுதலாக இழந்தாலே மீட்சி நின்றுவிடும். புயலை யாரும் தடுக்க முடியாது. வலையைத் தடுக்க முடியும். முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் சுமை உடனடியாக விழுந்தது மீனவர்கள் தலையில். மண்ணைக் கடலுக்கு அனுப்பிய ஆற்றங்கரை நிலங்களைத் திருத்துவது அதே வேகத்தில் நடக்கக்கூடியதாக இல்லை.

பின்னர் நடந்தது

ஆழமான இடங்களில் புல் இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் தலைகாட்டியது. கரையோரத் திட்டுகளில் இன்னும் சில ஆண்டு ஆயிற்று.

1999-இல் எண்ணியபோது மதிப்பீடு ஏறத்தாழ 1,650. நல்ல செய்தி, ஆனால் கணக்கு இடிக்கிறது. 600 விலங்குகள் ஆறு ஆண்டு உச்ச வேகத்தில் பெருகியிருந்தாலும் 800-ஐத்தான் தொட்டிருக்கும். மீதி வேறிடத்திலிருந்து வந்தவை. புல் இருந்த இடம் தேடிப் போனவை திரும்பியிருக்க வேண்டும், புதியவையும் சேர்ந்திருக்கலாம். இதே ஆண்டுகளில் தடுப்புத்திட்டின் தென்பகுதியிலும் எண்ணிக்கை இப்படியே ஏறியது.

கடற்பசுக்கள் எவ்வளவு தொலைவு போகும் என்பதை, வாலடியில் பட்டை கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றில் மிதக்கும் செயற்கைக்கோள் கருவியை இணைத்துப் பின்தொடர்ந்த ஆய்வுகள் காட்டின. கயிறு எதிலாவது சிக்கினால் அறுந்துகொள்ளும்படி பலவீனமான ஓர் இணைப்பு அதில் இருக்கும். சில விலங்குகள் தம் இடத்தை விட்டு அசையவில்லை. சில நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்த் திரும்பின. ஒரு விரிகுடாவுக்குச் சொந்தமான கூட்டம் என்று எதையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பது அப்போது தெளிவாயிற்று.

2022-இன் தொடக்கத்தில் மேரி ஆறு இரண்டு முறை பெருக்கெடுத்தது. கடற்புல் மறுபடி அழிந்தது. அதே ஆண்டின் இறுதியில் விமானங்கள் மீண்டும் பறந்தன. எண்ணிக்கை குறைந்திருப்பது மறுபடி பதிவானது.

இன்று செய்தால் எதை மாற்றுவது

முதலில், நீரின் தெளிவு. ஆறில் ஒன்று மேலே இருக்கும் என்பது தெளிந்த நீரில் கிடைத்த கணக்கு. கலங்கல் நீரிலும் ஆழம் வேறுபடும் இடத்திலும் அது பொருந்தாது. பின்னர் ஆய்வாளர்கள் கடற்பசு வடிவ மாதிரிகளைச் செய்து, அவற்றை வெவ்வேறு நீரில் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகின்றன என்று மேலிருந்து பார்த்தார்கள். உயிருள்ள விலங்குகளில் ஆழமானிகளைக் கட்டி, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கின்றன என்று அளந்தார்கள். இந்த வேலை 1988-க்கு முன்பே நடந்திருந்தால் பழைய எண்களை இன்னும் உறுதியாக நம்பலாம்.

அடுத்தது, எண்ணும் பரப்பு. ஒரு விரிகுடாவில் அழிவு நேர்ந்தால் பக்கத்து விரிகுடாக்களையும் அதே பருவத்தில் எண்ண வேண்டும். 1993-இல் 600 என்று கண்டபோது மற்றவை எங்கே என்று சொல்ல முடியாமல் போனதற்கும், 1999-இல் எண்ணிக்கை உயர்ந்தபோது எல்லாரும் வியந்ததற்கும் காரணம் ஒன்றுதான்.

மூன்றாவது, உடல் ஒதுங்குவதைச் சொல்லும் ஏற்பாடு. வெள்ளம் வந்த நாளிலிருந்து ஓராண்டுக்காவது, ஆயிரம் கிலோமீட்டர் கரைக்கு அது தயாராக இருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் இதே துயரம் மானட்டிகளுக்கு நேர்ந்தது. பல ஆண்டுகளாகப் பாசிப் பெருக்கத்தால் இந்தியன் ரிவர் காயலில் கடற்புல் குறைந்துகொண்டே வந்தது. 2021 என்ற ஒரே ஆண்டில் அந்த மாநிலத்தில் 1,100 மானட்டிகள் இறந்தன. அடுத்த குளிர்காலத்தில் லெட்டூஸ் கீரையை நீரில் போட்டு அவற்றுக்குத் தீனி கொடுத்தார்கள். குளிர் தாங்காமல் வெந்நீர் வரும் ஓரிரு இடங்களில் கூடும் மானட்டிக்கு அப்படிச் செய்ய முடிந்தது. பரந்த கடலில் சிதறி மேயும் கடற்பசுவுக்கு அந்த வழியும் இல்லை.

பாக் விரிகுடாவுக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து உயிரோடு விட்ட மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளித்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய காரியங்கள். ஆனால் ஹெர்வியில் ஒரே பருவத்தில் அழிந்த புல் இந்தப் பாதுகாப்பகத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த வழியும் இதே கடல்தான். இன்னொரு புயலுக்குப் பின் இங்கே ஆவுளியா தென்படாமல் போனால், அது செத்ததா, மன்னார் வளைகுடாவுக்கோ இலங்கைக் கரைக்கோ போனதா என்று சொல்ல, புயலுக்கு முந்தைய கணக்கு கையில் இருக்க வேண்டும். இரு நாட்டுக் கரைகளிலும் ஒரே முறையில் எடுத்த கணக்காகவும் இருக்க வேண்டும்.

விமானத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நம் கரையில் சங்கு குளிப்பவர்கள் நாள்தோறும் புல்வெளிகளுக்கு மேல்தான் நீந்துகிறார்கள். ஒரு சாண் அகலத் தடம் எங்கே புதிதாக விழுந்திருக்கிறது, அதன் பக்கத்தில் அதைவிடக் குறுகிய தடம், அதாவது கன்றின் தடம், இருக்கிறதா என்று அவர்கள் குறித்துத் தந்தால், அந்தக் குறிப்பேட்டிலிருந்து தொடங்கலாம்.